ஜெயித்தால் ஓட்டம்

டோரீன் தன் கையிலிருந்த இரண்டு ராஜாச் சீட்டுகளையும் எல்லோரும் பார்க்கும்படி மல்லாத்திவிட்டு, இந்த ஆட்டம் வேண்டாம் என்று நடுவில் தள்ளினாள்.

"ராஜா ஜோடியவா தூக்கிப் போடுற?" எதிரே டெல் வாயைப் பிளந்தான். பழைய லாரி டிரைவர். "காய்ச்சலா உனக்கு?"

"மேசையில ஏஸ் கெடக்கு. நீயும் காப்பியக் கீழ வச்சுட்டு நிமிந்து உக்காந்துட்ட. உங்கிட்ட இன்னொரு ஏஸ் இருக்கு."

டெல் சீட்டைத் திருப்பினான். இருந்தது. "இனிமே காப்பியக் கையிலயே வச்சுக்கறேன்."

டோரீன் ரீனோ நகரில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல்காரியாக இருந்தவள். பிள்ளைகள் சொல்லும் பாராட்டை நம்ப மாட்டாள். குப்பைத் தொட்டியில் எது விழுந்திருக்கிறது என்று பார்த்துத்தான் மறுவாரச் சமையலைத் திருத்துவாள். ஓய்வுக்குப் பின் வெள்ளிக்கிழமைகளில் கேசினோ சூதாட்டக்கூடத்தில் இந்தச் சின்னப் பந்தயப் போக்கர் மேசை. ஜெயிக்கிறாயா என்று கேட்டால், "கையக் கடிக்கல" என்பாள்.

"எழுதிப் பாரேன்" என்றான் கணவன் கஸ். ஜனவரியில் தொடங்கினாள். மார்ச்சில் பார்த்தால் நன்றாகவே கடித்திருந்தது. பணத்தோடு, உட்கார்ந்திருந்த நேரத்தையும் எழுத ஆரம்பித்தாள். அப்போதுதான் குப்பைத் தொட்டி தெரிந்தது. ஜெயித்த நாட்களில் காப்பி ஆறுவதற்குள் எழுந்துவிடுகிறாள், கூட்டல் போட்டு எழுதும் ஆசையில். தோற்ற நாட்களில் மாலை விளக்கு போடும்வரை நகர்வதில்லை. ஜெயித்தால் ஓட்டம், தோற்றால் குடித்தனம்.

பிறகு மாற்றிக்கொண்டாள். மேசை நன்றாக இருந்தால் இருப்பது; தான் மோசமாக ஆடினால் எழுவது. பள்ளம் மெல்ல மேடானது.

இன்று வருடத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. கஸ்ஸோடு பந்தயம்: வருடக் கணக்கு நஷ்டமென்றால், வெள்ளிக்கிழமைகளில் அவனோடு பிரமிட் ஏரிக்குப் போய், உறையும் தண்ணீரில் ஏணி போட்டு நின்று மீன் பிடிக்க வேண்டும். லாபமென்றால் அவன் இங்கே வந்து ஆட வேண்டும்.

இந்த நிமிடம் எழுந்தால் வருடக் கணக்கில் பன்னிரண்டு டாலர் லாபம். கை தானாகக் கைப்பையைத் தேடியது.

"போயிரு போயிரு" என்றான் டெல். "ஏணி வழுக்கும்."

ஆனால் மேசையின் கோடியில் ஒரே மாதிரிச் சட்டை போட்ட இரண்டு பௌலிங்காரர்கள். பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் போட்டிக்காக ஊருக்கு வந்தவர்கள். எந்தச் சீட்டு வந்தாலும் சிரித்துக்கொண்டே பணம் கட்டினார்கள். இப்படி ஒரு மேசை மாதத்துக்கு ஒருமுறை அமைந்தாலே பெரிது.

டோரீன் கைப்பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினாள்.

அடுத்த மூன்று ஆட்டத்தில் அறுபது டாலர் போயிற்று. ஏரியின் குளிர் முழங்காலில் ஏறியது. தப்பாக ஆடினேனா என்று கேட்டுக்கொண்டாள். இல்லை. எழாமல் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு கையில் ஒன்பது ஜோடி. மேசையில் ஒரு ஏஸும் மூன்றாவது ஒன்பதும் விழுந்தன. குட்டையான பௌலிங்காரன் பணத்துக்குப் பதில் வைத்து ஆடும் தன் சில்லுகளை எல்லாம் நடுவில் தள்ளினான்.

"நானும் கட்டுறேன்" என்றாள் டோரீன், அவன் கையை எடுக்குமுன்.

"ஏம்மா, கொஞ்சம் யோசிக்கக் கூடாதா? எனக்கு மரியாதையா இருந்திருக்கும்!" அவன் ஏஸ் ஜோடி அவளுடைய மூன்று ஒன்பதுகளிடம் தோற்றது. அவனே எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். டெல் மேசையைத் தட்டினான்: "கஸ்ஸுக்கு யாராவது போன் போடுங்கப்பா!"

அவள் அப்போதும் எழவில்லை. பௌலிங்காரர்கள் போன பிறகுதான் எழுந்தாள்.

வாசலில் கஸ் வண்டியோடு நின்றான். அவள் முகத்தைப் பார்த்ததும், "சரி, எத்தன மணிக்கு வரணும்?" என்றான்.

மறுநாள் சனிக்கிழமை. கஸ் நாற்பது டாலருக்குச் சில்லு வாங்கினான். மதியத்துக்குள் தோற்றான். டோரீன் கணக்கு நோட்டின் புதுப் பக்கத்தில் அவன் பெயரைப் போட்டு, தொகையையும் நேரத்தையும் எழுதினாள். வரும் வழியில் பூண்டு சூப் சாப்பிட்டார்கள். பனி பெய்தது.