மணலுக்குள் கிடப்பது சாமி இல்லை

எனக்கு அருள் வரவில்லை. அன்றும் வரவில்லை, அதற்குப் பிறகு ஒரு நாளும் வரவில்லை. நான் நடித்தேன்!

வாசித்துவிட்டீர்களா? இன்னொரு தடவை வாசியுங்கள். எஸ்டேட் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். எனக்கு அவசரம் இல்லை. உங்களுக்குத்தான் எப்போதும் அவசரம்... விழுந்து கும்பிடுவதற்கு.

பெக்கான் நானாஸ் தாண்டி, நம் தாமான் வீடுகளுக்குப் பின்னால் கிடக்கிறதே அரசாங்க நிலம், அதைத்தான் சொல்கிறேன். மணல் அள்ளியவர்கள் அள்ளி முடித்துப் போனபின் அங்கே புல்கூட முளைக்கவில்லை. வெள்ளை மணலும் வெயிலும்தான். பாலைவனம் என்று பெயர் வைத்தோம். அதோடு விட்டோமா? கிழிந்த மெத்தை, டயர், இடித்த வீட்டுக் கல் எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டினோம். நாம்தான்! வெளியூர் லோரிக்காரன் மேல் பழியைப் போட்டு என்னிடம் தப்பிக்க முடியாது.

அதைச் சுத்தம் செய்யக் கிளம்பியவள் வள்ளியம்மை. செட்டியார் வீட்டு மருமகள், வங்கியில் வேலை. எனக்கு அவளைப் பிடிக்காது. முதல் நாளே, "பாட்டி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தூசி" என்றாள். ரப்பர் மரத்தடியிலேயே ஆயுசைக் கழித்தவளிடம் தூசியாம்!

ஆனால் வேலையில் கெட்டிக்காரி. ஞாயிறுதோறும் ஆள் சேர்த்தாள். குப்பையை அள்ளிய இடத்தில் சாணமும் அன்னாசித் தழையும் போட்டு மணலை மண்ணாக்கினாள். கன்று நட்டாள். பிழைத்தன. அதைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஏன் மறைக்க வேண்டும்?

மேற்கு மூலையில் மட்டும் கன்றுகள் கருகின. திரும்ப நட்டாள், அவையும் கருகின. "அடியில என்னமோ புதைச்சிருக்காங்க. நாளைக்கு மண்வாரி எந்திரம் வருது, தோண்டிப் பார்த்துருவோம்" என்றாள்.

அன்று சாயங்காலம் என் மகன் சேகர் வந்தான். தம்போயில் ஒரு கம்பெனிக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்தவன்.

"அம்மா, அங்க தோண்டினா என் கதை முடிஞ்சிச்சு."

"என்னடா பொதச்ச?"

"தோம்பும்மா. பெரிய இரும்புப் பீப்பாய்ங்க. கம்பெனியிலதான் பொதைக்கச் சொன்னாங்க, உள்ள என்ன இருக்குன்னு சொல்லல. மூடியத் தொறந்தாலே கண்ணு எரியுது."

நான் அவனை அறையவில்லை. போலீசுக்குப் போ என்று சொல்லவும் இல்லை. நான் பெற்றவனை விலங்கு மாட்டி இழுத்துப் போவதை அந்தச் செட்டியார் வீட்டுப் பெண் நின்று பார்ப்பதா? அதுதான் முதலில் தோன்றியது. பாசம் என்று எழுதலாம்... பொய். அது திமிர்.

மறுநாள் மண்வாரி கையை நீட்டியபோது நான் கொண்டையை அவிழ்த்தேன். எஸ்டேட் திருவிழாக்களில் சின்ன வயதிலிருந்து பார்த்தவளுக்கு ஆடவா தெரியாது? "டேய்! முனியாண்டிடா நான்! என் தலைமேல இரும்பு வைக்கிறியா?" என்று மணலில் உருண்டேன். மண்வாரி ஓட்டிய அஸ்மான் மலாய்க்காரர். அவரே, "சூடா லா, மக்சிக்! சூடா!" போதும் அம்மா, போதும் என்று இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிவிட்டார். நீங்கள்? தேங்காய் வாங்க ஓடினீர்கள்!

வள்ளியம்மை மட்டும் கும்பிடவில்லை. குனிந்து என் காதருகே கேட்டாள்: "பாட்டி, யாரைக் காப்பாத்துறீங்க?"

அலமாக்! கண்டுபிடித்துவிட்டாள். அதனால் இன்னும் பலமாகக் கத்தினேன்.

பிறகு ஒரு நாள் அவள் மகள் சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டாள். பிள்ளைகள் என்றால் விழத்தானே செய்யும்? நீங்கள் என்ன சொன்னீர்கள்? "சாமியச் சந்தேகப்பட்டா சும்மா விடுமா?" அதையும் மளிகைக் கடையில், அவள் முகத்துக்கு நேராக! அவளோடு பேச்சை நிறுத்தினீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் வரவில்லை. அவள் நட்டதற்குத் தண்ணீர் ஊற்றவும் ஆள் இல்லை.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னேனா? அந்த மூலையில் சூலம் நட்டு, தகரக் கூரை போட்டு, எனக்கு நாற்காலியும் போட்டீர்கள். உட்கார்ந்து உங்கள் கும்பிடுகளை வாங்கிக்கொண்டேன். இனித்தது! சேகர் சிங்கப்பூருக்கு வேலை மாறிப் போய்விட்டான். இனி அவனைக் காப்பாற்றத்தான் நடிக்கிறேன் என்றுகூடச் சொல்ல முடியாது.

போன தைப்பூசம் முடிந்து வள்ளியம்மை வந்தாள். காலை இழுத்து இழுத்து நடக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு. என் முன்னால் மண்டியிட்டு, "தெரியாமப் பேசிட்டேன்மா... மன்னிச்சிருங்க" என்றாள்.

எழுந்திரு, நீ கேட்டதுதான் சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். கை மட்டும் போய்த் திருநீற்றை எடுத்தது. அவள் நெற்றியில் பூசியது.

அன்றிரவு முழுக்கத் தூக்கமில்லை. விடிந்ததும் கோயில் தலைவர் ராமையாவிடம் போனேன். "கீழ இருக்கிறது சாமி இல்லப்பா, தோம்பு. தோண்டி எடுங்க."

அவர் சிரித்தார். "கும்பாபிஷேகத்துக்குச் சொல்லியாச்சு. இப்பப் போய் வெளயாடாதீங்க பாட்டி. வயசாச்சு, போய்ப் படுங்க."

ஆகவே எழுதுகிறேன். மகன் பெயரையும் எழுதிவிட்டேன், படித்தால் அவன் என்னைத் திட்டட்டும். ஆனால் நீங்கள் நம்புவீர்களா? மாட்டீர்கள். சாமி பாட்டியைச் சோதிக்கிறது என்பீர்கள்! நான் பொய் சொன்னபோது நம்பினீர்கள்...

வெள்ளிக்கிழமைதோறும் அந்த இடத்தைக் கூட்டுவது இப்போது வள்ளியம்மைதான். மழை பெய்த மறுநாள் அங்கே மணலில் மஞ்சளாக ஏதோ ஊறுகிறது. அதன்மேல் வெறுங்காலோடு நடக்கிறாள். போன வாரம் பார்த்தேன், குதிகாலெல்லாம் கொப்புளம்.

"செருப்பப் போட்டுக்கம்மா" என்றேன்.

"சாமி இடத்துலயா? வேணாம்மா" என்று கூட்டிக்கொண்டே போனாள்.

நான் அந்த மணலில் கால் வைப்பதில்லை. நாற்காலிக்குக் கீழே பலகை போடச் சொல்லியிருக்கிறேன்.