சார் தொட்டியில் படர்ந்த சிவப்பு

கடைக் கவுன்ட்டரின் கண்ணாடிமேல் கொட்டிக் கிடந்த ஈர மணல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. எங்கள் கடையிலிருந்து வெள்ளையாகப் போன மணல், செங்காவி நிறத்தில் வழவழவென்று ஒரு படலத்தைப் போர்த்திக்கொண்டு திரும்பி வந்திருந்தது. அதைக் கொட்டியவரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். சுரங்கத்தில் நிலத்தடி நீரை இறைக்கும் பிரிவில் பெரிய அதிகாரி. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் தன் வீட்டுக் கூடத்தில் ஐந்தடி நீளக் கடல் தொட்டி வைத்திருந்தார். உப்புநீர், உயிருள்ள பவளங்கள், ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஜோடி மீன். மந்தாரக்குப்பத்தில் அப்படிப்பட்ட தொட்டிக்குச் சாமான் விற்றது எங்கள் கடை ஒன்றுதான்.

"ஆத்து மணலக் கழுவி, கடல் மணல்னு விக்கிறீங்களா பாய்?" என்று என் அத்தாவைப் பார்த்துக் கேட்டார். கடையில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். "இல்லீங்க சார், பாக்கெட்ட பிரிக்காம அப்படியேதான் குடுத்தோம்" என்றார் அத்தா. சார் அதைக் காதில் வாங்கவே இல்லை. அன்று மாலைக்குள் குவார்ட்டர்ஸ் வாட்ஸ்அப் குழுவில் சிவந்த மணலின் படம் வந்தது. 'பாய் கடையில் ஏமாறாதீர்கள்' என்று கீழே எழுதியிருந்தார். யாரோ அதை அத்தாவிடமே காட்டிவிட்டார்கள். கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. மறுநாளிலிருந்து அத்தா கடைப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். தொழுகைக்குக்கூடப் பின்வாசல் வழியாகப் போய் வந்தார். முப்பது வருடம் அந்தக் கவுன்ட்டரில் நின்ற மனிதர். நான் எவ்வளவு கூப்பிட்டும், "நீயே பாத்துக்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

எட்டு மாதம் கழித்து சாரிடமிருந்து போன் வந்தது. "வந்து தொட்டிய ஒரு பார்வ பாருப்பா." போனேன். பழைய மணலை வாரிக் கொட்டிவிட்டு, சென்னையிலிருந்து வரவழைத்த மணலைப் பரப்பியிருந்தார். அதுவும் சிவந்து போயிருந்தது. கிழிந்த வெல்வெட் துணியை விரித்ததுபோல அடிமணல் முழுக்கப் பாசி. அதன்மேல் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள். அப்படியென்றால் குற்றம் எங்கள் மணலில் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் காத்திருந்தேன். ஒரு வார்த்தை போதும். 'அப்பா எப்படி இருக்காரு' என்று கேட்டிருந்தால்கூடப் போதும். அவர் கேட்கவில்லை.

அப்போதுதான் அந்த வாளியைப் பார்த்தேன். வெயிலுக்குத் தொட்டி நீர் தினமும் ஆவியாகி இறங்கும். அந்தக் குறைவைச் சமையலறைக் குழாயில் பிடித்த தண்ணீரால் நிரப்பிக்கொண்டிருந்தார். "நாங்க பூமியிலருந்து எடுத்து விடுற தண்ணிப்பா இது, மினரல் வாட்டர் தோத்துப் போகும்" என்றார் பெருமையாக. குடிப்பதற்கு அது நல்ல தண்ணீர்தான். ஆனால் எந்த ஊர்க் குழாய்த் தண்ணீரும் கடல் தொட்டிக்கு ஆகாது. நீர் ஆவியாகப் போய்விடும், அதில் கரைந்திருந்ததெல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். அதுதான் அந்தப் பாசிக்குச் சாப்பாடு. வடிகட்டிச் சுத்தம் செய்த நீரை ஊற்றினால் சில வாரங்களில் அடங்கிவிடும். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"சைஃபன் குழாய் வெச்சி மணல்மேல இருக்கறத உறிஞ்சி எடுக்கணும் சார். மூணு நாள் லைட்ட அணைச்சி வைங்க. வாரா வாரம் செய்யணும்" என்றேன். ஒன்றுகூடப் பொய்யில்லை. சார் மண்டியிட்டு உட்கார்ந்து குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார். நாற்றமடிக்கும் உப்புநீர் வாயில் ஏற, இருமித் துப்பினார். பக்கத்தில் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியொரு நிம்மதி அந்த எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்ததில்லை.

மணல் வெளுக்கும், ஒரே வாரத்தில் மறுபடியும் சிவக்கும், சார் மறுபடியும் மண்டியிடுவார். மூன்று வருடம் இப்படியே போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வெளியூர் போவதை விட்டுவிட்டார். முட்டிவலிக்குத் தைலம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "இன்னிக்கும் உறிஞ்சிகினு இருக்கேம்பா" என்று போனில் அலுத்துக்கொள்வார். "விடாதீங்க சார்" என்பேன். பாசி மூடி ஒரு பவளம் வெளுத்துச் செத்தது. அதற்கு மட்டும் வருந்தினேன்.

ஓய்வு பெற்று சொந்த ஊருக்குப் புறப்படும் முன் ஒரு நாள் வாளியில் அந்த இரண்டு மீன்களோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். குரல் கேட்டு அத்தா வெளியே வந்தார். சார் வாளியைக் கீழே வைத்தார்.

"பாய், உங்க மணல்மேல தப்பில்ல. அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிக்குங்க."

"இருக்கட்டும் சார்" என்றார் அத்தா.

நான் அதோடு விட்டிருக்கலாம். மூன்று வருடமாக விழுங்கி வைத்திருந்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. "குழாய்த் தண்ணிதாங்க சார் காரணம். நீங்க தினம் ஊத்துனீங்களே, அதுதான்."

சார் நிமிர்ந்தார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே."

அவர் கோபப்படவில்லை. முட்டியைத் தடவிக்கொண்டு அத்தாவைப் பார்த்தார், பிறகு மீன்களைப் பார்த்தார். படியிறங்கிப் போய்விட்டார்.

அந்த ஜோடி இன்றும் எங்கள் கடையில் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் மணல் இவ்வளவு வெள்ளையாக இருக்கிறதே என்று கேட்டால், எல்லாருக்கும் காரணத்தைச் சொல்கிறேன். சாருக்கு மட்டும் மூன்று வருடம் சொல்லாமல் இருந்ததற்காக எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. அன்று அவர் படியிறங்கியபோது ஒரு பயம் மட்டும் இருந்தது. அத்தா சின்னப் பிள்ளைகளைக்கூட வாங்க போங்க என்று பேசுகிறவர். தெரிந்தே ஒரு மனிதரை இப்படி அலையவிட்டாயா என்று கேட்பார் என நினைத்துத் தலையைக் குனிந்து நின்றேன்.

அத்தா தெருமுனை வரைக்கும் சாரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்:

"நீ அன்னிக்கே சொல்லியிருந்தா, இன்னிக்கு அவன் வந்திருக்க மாட்டான்."