இடது பக்கத்து இரண்டு பட்டன்

பஸ்ஸில் 'நிறுத்துங்க' என்று நான் வாய் திறந்து சொன்னதே கிடையாது. இரும்புலியூரில் இறங்க வேண்டியவள், வேறு யாராவது இறங்கினால் கூடவே இறங்குவேன். யாரும் இறங்காவிட்டால் பெருங்களத்தூர் வரை போய், ஜிஎஸ்டி ரோடு ஓரமாக நடந்தே திரும்புவேன். என்னைப் போய் என் மகள் நிறுத்துகிற வேலைக்குக் கூப்பிட்டாள்.

மழை நாளில் ஃப்ளாட் படிக்கட்டில் வழுக்கி விழுந்து அவளுக்கு இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. நாவலூரில் புது ஆபீஸ், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. லீவு கேட்கப் பயந்து, முடிச்சூர் வீட்டிலிருந்தே ஒரு கையால் செய்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அவள் வேலை செய்கிற திரையில் படம் கிடம் ஒன்றும் இருக்காது. கறுப்பாக இருக்கும். அதில் வெள்ளை எழுத்தில் ஒரு கட்டளை அடித்து எண்டரைத் தட்டினால் கம்ப்யூட்டர் அதைச் செய்யும். ஒற்றைக் கையில் எழுத்தெல்லாம் முன்னும் பின்னுமாக விழுந்தது. திரும்பத் திரும்ப அடித்து மாளவில்லை. அதனால், என்ன அடிக்க நினைத்தாள் என்று மெஷினே யூகித்து, திருத்தி, செய்துவிடுகிற மாதிரி வைத்துக்கொண்டாள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் அது தப்பாக யூகித்துவிட்டது. காலையிலிருந்து அவள் செய்த வேலை அத்தனையும் போயிற்று. அவளுக்கு மேலே இருக்கிற சார் கத்தவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் உனக்காக நான் பேச முடியாது என்று மட்டும் சொன்னாராம். அன்றைக்கு அவள் சோற்றைத் தொடவில்லை. நான் அடுப்படிக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

அப்புறம்தான் மாற்றினாள். மெஷின் திருத்தியதை முதலில் காட்டும், கொஞ்சம் பொறுக்கும், பிறகு செய்யும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கினால் நின்றுவிடும். இரண்டும் இடது பக்கம். அவளுடைய வலது கை அங்கே போய்ச் சேருவதற்குள் நேரம் தீர்ந்துவிடுகிறது.

"நீ இந்தப் பக்கம் உக்காரும்மா. நான் நிறுத்துன்னு சொன்னா அமுக்கு."

உட்கார்ந்தேன். என் படிப்பு ஐந்தாவதோடு சரி. அந்த இங்கிலீஷ் எனக்குப் புரியாது. திருத்தும்போது வருகிற வரியின் உருவம் மட்டும் பழகிவிட்டது. அது வந்தாலே விரல் பட்டன் மேல் போய்விடும். குக்கர் வைத்துவிட்டு வந்தால் விசிலைக் கேட்பதா, திரையைப் பார்ப்பதா என்று தெரியாது.

ஒரு நாள் காலையில் அந்த சாரே போனில் இருந்தார். ஸ்பீக்கரில் போட்டு, அவர் சொல்லச் சொல்ல இவள் அடித்தாள். எண்டரைத் தட்டிவிட்டு, அவர் கேட்ட ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லப் போன் பக்கம் திரும்பினாள். திரையில் அந்த வரி வந்துவிட்டது. அவள் பார்க்கவில்லை. அவரானால் பேசிக்கொண்டே இருக்கிறார், நடுவில் நான் எப்படிப் பேசுவது? நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை.

அமுக்கிவிட்டேன்.

மகள் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அது சரியாத்தாம்மா திருத்திச்சு."

என்ன ஆயிற்று என்று சார் கேட்டார். அம்மா நிறுத்திட்டாங்க சார் என்றாள். அவள் வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேனோ என்று பயந்துபோனேன். எழுந்தேன். மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா அங்கயே இருக்கட்டும்," என்றார் அவர். "வேலை பூரா போச்சே, அன்னைக்கும் இருந்திருக்கலாம்."

மறுபடி அடித்தாள். மறுபடியும் அதே தப்பு, அதே வரி. இந்தத் தடவை என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வரி தானாக நகர்ந்து வேலையை முடித்தது. சார் சரி என்று சொல்லி அடுத்ததற்குப் போனார். நான் பட்டன் மேலிருந்து விரலை எடுக்கவில்லை. உள்ளே குக்கர் கத்திக்கொண்டே இருந்தது.