பங்களாவுக்குள் போய்ச் செத்த கதை

கொலை செய்யப்படுவதற்காகப் புதுச் சட்டை வாங்கிய முட்டாள் ஊரிலேயே நான் ஒருவன்தான். பதுளை பஜாரில் துணிக்கடை நானாவிடம் காரணத்தைச் சொல்லித்தான் வாங்கினேன்.

"படத்துல என்னையக் கொல்றாங்க நானா. நல்லதா ஒண்ணு காட்டுங்க."

"ரத்தம் பட்டா மாத்தித் தர ஏலாது. இப்பவே சொல்லிட்டேன்" என்றார் அவர், தலை நிமிராமல்.

கொழும்பிலிருந்து வந்த படக்காரர்கள், மடுல்சீமைப் பக்கம் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவைப் படப்பிடிப்புக்கு எடுத்திருந்தார்கள். கதை ஒரு பணக்காரனைப் பற்றியது. காலையில் எழுந்து முகத்துக்கு விதவிதமாகக் கிரீம் பூசுவான். கண்ணாடியிடம் நலம் விசாரிப்பான். தன் அழகைப் பார்த்து வாய் பிளக்காதவனைக் கொன்றுவிடுவான். கொன்ற பிறகு பிணத்தைப் பார்க்க மாட்டான். தன் சட்டையில் கறை பட்டதா என்று பார்ப்பான். பார்க்கிறவர்கள் சிரிக்கவும் வேண்டும், நடுங்கவும் வேண்டுமாம். நான் காமன் கூத்தில் கோமாளி வேஷம் கட்டுகிறவன் என்று யாரோ சொல்லிவிட, சாகிற பாத்திரம் எனக்கு வந்து சேர்ந்தது.

வீட்டில் அப்போது சிரிக்கிற நிலைமை இல்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை தன் இஷ்டத்துக்கு நிறையைக் குறைத்ததை என் மனைவி எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். மறுநாள் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் மற்றவர்களை எல்லாம் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பிய மனுஷன், இவளை மட்டும் லயத்து வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொன்னார். மன்னிப்புக் கேட்டால்தான் வேலை. அவளே தோட்டத்து ஆபீசுக்குப் போய்ப் பார்த்தாள். வீட்டு ஆம்பளையை அனுப்பு என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள்.

"பங்களாவுக்குத்தானே போறீங்க? தொரைகிட்ட ஒரு வார்த்த பேசுங்க. நான் பொய் சொல்லலன்னு மட்டும் சொன்னாப் போதும்."

"மொதல்ல செத்து முடிக்கிறேன். அப்புறமாப் பேசுறேன்."

என் பகிடிக்குத் தோட்டமே சிரிக்கும். அவள் சிரிக்கவில்லை.

படப்பிடிப்பில் நான் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: முன்வாசல் வழியாக நேரே உள்ளே வந்து, சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, பணக்காரனை ஏச வேண்டும். டைரக்டர் குரல் கொடுத்தார். முன்வாசலைப் பார்த்தபடி கேமரா காத்திருந்தது. நானோ பங்களாவைச் சுற்றிப் பின்பக்கச் சமையல் குசினி வழியாக வந்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எல்லாருக்கும் பின்னால் அடக்கமாக நின்றேன்.

"அண்ணே, எங்க போனீங்க? முன்னால வரச் சொன்னேனே!"

"இதாங்க நாங்க வார வழி."

அடுத்த முறையும் அதே கூத்து. மூளை முன்பக்கம் என்று சொல்கிறது, கால் கேட்டால்தானே? கடைசியில் மேக்கப் போடும் பிள்ளை என் தோளைப் பிடித்து முன்வாசலுக்குள் தள்ளிவிட்டது.

சோபாவில் உட்கார்ந்ததும் எனக்குள் என்ன புகுந்ததோ தெரியவில்லை.

"எத்தன தொரைமாரு வந்து போயிட்டாங்க! ஒன் மூஞ்சி எனக்கு நெனவே இல்லடா!"

'டா' வசனத்தில் இல்லை. நானே சேர்த்தது. பணக்காரன் கோல்ஃப் மட்டையை ஓங்கினான். புதுச் சட்டை கசங்காத விதமாகப் பார்த்து விழுந்தேன். கைதட்டல் வேலிக்கு அப்பாலிருந்தும் கேட்டது. திறந்திருந்த முன்வாசல் வழியே பார்த்துக்கொண்டு லயத்துச் சனம் அங்கேதான் கூடி நின்றது. என் மனைவியும் நின்றாள்.

எங்கள் நிஜத் துரை, கேமரா தன் பக்கம் திரும்பினாலும் திரும்பும் என்று காலையிலிருந்தே தலை வாரிக்கொண்டிருந்தவர், முற்றத்துக்கு இறங்கிய என் பின்னாலேயே வெளியே வந்து தோளில் தட்டி, தன் அரைகுறைத் தமிழில் சொன்னார்.

"நல்லா ஏசினது நீ! சரியான கோபம்! வேற என்ன?"

வேற என்ன என்று ஒரு துரை கேட்பது தினம் நடக்கிற காரியமா? சொல்ல வேண்டியது நாக்கில்தான் இருந்தது. வேலியோரத்தில் அவள் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் பொய் ரத்தம் வழிய, நான் இரண்டு கையையும் கட்டிக்கொண்டேன்.

"ஒண்ணுமில்லங்க தொரை."

அவர் வேலிப் பக்கம் கையைக் காட்டினார். "அது ஒன் பொஞ்சாதிதானே? கணக்கப்பிள்ளையோட சண்டை போட்டது?"

"ஆமாங்க. அவளுக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்திங்க."

துரை சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு யாரும் எழுதித் தராமல் நான் பேசிய முழு வசனம் அதுதான். மட்டையால் அடித்தவன்கூட என்னை அவ்வளவு சுத்தமாகக் கொல்லவில்லை.

வேலிக்குப் போனேன். கூட்டம் கலைந்திருந்தது, அவள் மட்டும் நின்றாள். அத்தனையும் அவள் காதில் விழுந்திருக்கும் தூரம்தான். எதையாவது கேட்டாக வேண்டுமே என்று, "எப்புடி நம்ம நடிப்பு?" என்றேன்.

"நகருங்க, நானே போய்ப் பேசுறேன்."