எட்டு போல்ட்டில் ஒன்று

கார் இன்ஜின் கட்டுகிறவனுக்கு வண்டி பட்டறையில் நிற்கும்வரைதான் நிம்மதி. அது ரோட்டில் இறங்கிவிட்டால் போன் அடிக்கும்போதெல்லாம் எந்த வண்டியோ என்றுதான் எடுப்பான். பஸ் ஏறின பிறகு கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்று தவிக்கிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நானும் உங்கள் ரகம்தான். ஆனால் உங்கள் பூட்டு வீட்டிலேயே இருக்கும். என் பூட்டு நாலு சக்கரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்.

வெளியே தெரியுமா?

நாமக்கல்லில் என் பட்டறைக்கு எருமப்பட்டி லோகநாதன் அவர் மகளோடு வந்தார். கோழிப்பண்ணைக்காரர். மகள் சௌமியாவுக்குச் சேலத்தில் வேலை, தினமும் காரில்தான் போய்வருகிறாள். அந்தக் காருக்கு டர்போ வைக்க வேண்டும். டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற சாமான். அத்தனை அழுத்தத்தையும் பிஸ்டனும் அதைத் தாங்குகிற கனெக்டிங் ராடும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். கம்பெனி போட்டு அனுப்பினதை வைத்துக்கொண்டு டர்போ வைத்தால் கொஞ்ச நாள் பறக்கும், அப்புறம் வெடிக்கும். அதனால் அடித்துக் கெட்டியாக்கின ஃபோர்ஜ்டு பிஸ்டன், ஃபோர்ஜ்டு ராடு, புது பேரிங் என்று சொல்லிக்கொண்டே போனேன். லோகநாதன் கேட்டார், "ஏனுங் தம்பி, இத்தனையும் மாத்துனா வெளிய பாக்கறவங்களுக்குத் தெரியுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சௌமியா சொன்னாள்: "அதெல்லாம் வெளிய தெரியுற அன்னிக்கு இன்ஜின்ல ஓட்டை விழுந்திருக்கும்ப்பா."

போரிங் அண்ணனின் மானம்

சிலிண்டரை உள்ளே கடைந்து அகலப்படுத்துகிற போரிங் வேலைக்கு எனக்கு எப்போதும் கந்தசாமி அண்ணன் லேத்துப் பட்டறைதான். ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூடானால் சாதா பிஸ்டனைவிட அதிகமாக உப்பும். அதனால் சிலிண்டரில் கூடுதலாக இடைவெளி விட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நடுரோட்டில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இதை அவரிடம் சொல்லப்போய்ப் பட்ட பாடு இருக்கிறதே! இத்தனை வருஷமாக லாரிக்கும் ரிக் வண்டிக்கும் இறுக்கமாகப் போரிங் போட்டுப் பேர் வாங்கின மனிதர். பிஸ்டன் பெட்டியோடு வந்த அளவுச் சீட்டைக் காட்டினேன், படிக்க மாட்டேன் என்று கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டார். நானும் நகரவில்லை. மூணு மணி நேரம் பக்கத்திலேயே நின்று, நான் கேட்ட அளவுக்குப் போடவைத்துத்தான் கிளம்பினேன். சிலிண்டர் பிளாக்கைத் தூக்கி என் வண்டியில் வைக்கும்போது சொன்னார், "ஏஞ்சாமி, கந்தசாமி போட்ட போரிங்குல பிஸ்டன் ஆடுதுன்னு ஊரே பேசோணும், அதான உனக்கு?"

ஒன்பதரை முதல் பத்தரை வரை

இதுதான் நான் செய்த கேவலம். சொல்லிவிடுகிறேன்.

ஒரு ராடுக்கு இரண்டு போல்ட், நாலு ராடுக்கு எட்டு. அளவு பார்க்க ஒருமுறை மாட்டினபோது, போனைக் காதில் இடுக்கிக்கொண்டு பேசின லட்சணத்தில், மூணாவது ராடில் ஒரு போல்ட்டை அதிகமாக முறுக்கிவிட்டேன். கழற்றி மைக்ரோமீட்டரில் பிடித்தால் மயிரிழை நீண்டிருந்தது. அப்படி இழுபட்ட போல்ட் தொய்ந்த எலாஸ்டிக் மாதிரி, தூக்கிப் போட வேண்டியதுதான். அது அறுந்தால் ராடு கழன்று பிளாக்கை உடைக்கும், ஓடுகிற வேகத்திலேயே இன்ஜின் இறுகிவிடும். புது போல்ட் கொரியரில் திங்கட்கிழமைதான் வரும். லோகநாதன் ஸ்டார்ட் பண்ண நேரம் குறித்திருந்ததோ வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு மேல். பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம்.

"இன்னும் மூணு நாள் ஆகுங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எட்டரைக்கே சொந்தக்காரர்கள் இரண்டு காரில் வந்து இறங்கிவிட்டார்கள். மாலை, பூசணிக்காய், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் எல்லாம் தயார். இவ்வளவு கூட்டத்துக்கு முன்னால் முடியாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. முதல் நாளே அந்தப் போல்ட்டையே திரும்பப் போட்டு மூடிவிட்டிருந்தேன். பத்து மணிக்குச் சௌமியா சாவியைத் திருப்பினாள். லோகநாதன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்: "நேரம் பாத்தது வீண் போகலீங்க பாருங்க, ஒரே செல்ஃபுல புடிச்சுருச்சு!"

டக்கு டக்கு

திங்கட்கிழமை புது போல்ட் வந்தது. மேஜை மேல் வைத்தேன். சாப்பிட உட்கார்ந்தால் அது, இன்னொரு வண்டிக்குக் கீழே படுத்தால் அது. சௌமியாவுக்குப் போன் செய்து ஆயில் மாற்ற வேண்டும் என்றேன், சும்மா ஒரு செக்கப் என்றேன். உண்மையை மட்டும் சொல்லவில்லை. வண்டி அருமையாக ஓடுகிறது, அடுத்த வாரம் வருகிறேன் என்றாள். தினமும் அவள் சேலம் போய்ச் சேர்ந்திருப்பாளா என்று ஒன்பது மணிவரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

வியாழக்கிழமை காலை லோகநாதன் போன். "உள்ள என்னமோ டக்கு டக்குங்குதுங்க." எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் கேட்டால், காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் மட்டும்தானாம், சூடானதும் நின்றுவிடுகிறதாம். அது சூடாகி உப்புகிறவரை ஃபோர்ஜ்டு பிஸ்டன் ஆடுகிற சத்தம். கந்தசாமி அண்ணனோடு சண்டை பிடித்து நான் விட்ட இடைவெளியால் வருவது. ஆனால் அந்தச் சத்தத்துக்குள் என் போல்ட்டின் சத்தமும் இருக்கிறதா என்று யார் சொல்வது? வண்டியை உடனே அனுப்புங்கள் என்றேன். அவர் சாவகாசமாகச் சொன்னார்: "சனிக்கெழம அவ கூட்டாளிங்களக் கூட்டிக்கிட்டு மேட்டூரு போறாளுங்க, போயிட்டு வந்ததும் உடறேனுங்க."

எருமப்பட்டியில்

போனை வைத்துவிட்டு பைக்கை எடுத்தவன் எருமப்பட்டியில்தான் நிறுத்தினேன். நான் போய்ச் சேர்ந்தபோது சௌமியா வேலைக்குக் கிளம்பக் காரில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருகி எடுத்தேன். அப்பா மகள் இருவரிடமும், வேலை நடுவில் போன் பேசியது, போல்ட்டை அதிகமாக முறுக்கியது, தெரிந்தே போட்டு மூடியது என்று ஒன்று விடாமல் சொன்னேன். ஒரு வாரமாகச் சோறு தண்ணி இறங்கவில்லை, தூக்கமில்லை என்றும் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. லோகநாதன் காரை ஏற்றிப்போகிற கேரியர் வண்டிக்குப் போன் போட்டார்.

கேரியர் வண்டியில் ஏற்றிக் காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். இருவரும் நின்று பார்க்க, அடியில் படுத்து ஆயில் தொட்டியைக் கழற்றி அந்தப் போல்ட்டை எடுத்தேன். புதுசையும் அதையும் சௌமியாவின் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அளக்கவே வேண்டாம். கண்ணுக்கே தெரிந்தது, ஓடின ஒரு வாரத்தில் பழசு நடுவில் மெலிந்து இன்னும் நீண்டிருந்தது. அவள் பழசை விரலால் உருட்டிப் பார்த்தாள். அப்புறம் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "உங்களுக்குத் தூக்கம் வரலைங்கறீங்க. நான் இதுல நூத்திருவதுல போயிட்டிருந்தேனுங்கண்ணா."

அந்த இன்ஜினுக்குள் போனதெல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கின ஒசத்திச் சாமான்தான். கட்டினவன் ஒருத்தன்தான் லோக்கல் சாமான்.