மாமா தந்த வெறுந் துவக்கு

“வெறுந் துவக்குத்தான்” என்று ஒருவர் சொல்லித் தந்த துப்பாக்கியை, அவர் கண்முன்னாலேயே திறந்து பார்த்தால் அது அவரை நம்பாததாகுமா? போன மாரியில் நல்லரத்தினம் மாமா இந்தக் கேள்வியை ஒரு வீட்டு விறாந்தையில் எல்லாரையும் பார்த்துக் கேட்டார். அங்கே இருந்தவர்களில் நானும் ஒருவன். எனக்குப் பதில் தெரியவில்லை.

கேள்வி யசோதினி அக்காவைப் பற்றியது. வாவிக்கு மேற்கே, வவுணதீவைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். அங்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுப்பது அவர்தான். தவணை தொடங்கும் கடைசி நாளில் துணியோடு வருகிறவர்களிடம் வாய்ச்சண்டை போடுவார், ஆனாலும் தைத்துக் கொடுத்துவிடுவார். மெல்லிய உடம்பு, வேகமான பேச்சு. கணவர் விஜிதரன் அண்ணன் கத்தாரில் வேலை செய்கிறார். தாய் தகப்பன் இல்லை. தங்கை மேனுகாவை வளர்த்து ஆளாக்கியவர் அக்காதான்.

எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும். அப்படித்தான் தகப்பனின் வயல் அக்காவின் பெயருக்கு வந்தது. பலருடைய வயல்கள் ஒன்றாகக் கிடக்கும் மருதடி வட்டையில் காட்டுக்கு அண்மையாக உள்ள துண்டு அது. யானையும் பன்றியும் முதலில் கால் வைக்கிற இடம். பயிர்க் காவலுக்கென்று துவக்கு லைசன் எடுத்தபோது, வயல் யார் பெயரிலோ அவர் பெயரில்தான் கிடைக்கும் என்றார்கள். ஒற்றைக் குழல் துவக்கு ஒன்று இப்படி ஒரு தையல்காரியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஊரில் சிரித்தார்கள். “புருஷன் கத்தார்ல, பொண்டாட்டி பரண்ல. ஆனைக்குத்தான் கஷ்டகாலம்” என்று கடையடியில் பேசிக்கொண்டார்கள். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இரவில் காவல் பரணில் ஏறினார். யானையைச் சுடச் சட்டம் விடாது. வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தால் அது திரும்பிவிடும், அல்லது திரும்பாது. அதற்குத்தான் துவக்கு. வீட்டில் இருக்கும்போது அது அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். தோட்டாக்கள் வேறொரு அறையில், பால்மா டின்னுக்குள். மேனுகாவுக்கும் அதைத் தொட அனுமதியில்லை. வயலுக்குப் போகும்போது பழைய சாரத் துணியில் தானே தைத்த நீண்ட உறைக்குள் போட்டு ஸ்கூட்டியில் கொண்டு போவார்.

மேனுகாவுக்கும் நல்லரத்தினம் மாமாவின் மகன் யதுர்ஷனுக்கும் விருப்பம் இருந்தது. அது இரண்டு வீட்டுக்கும் தெரியும். மாமா மருதடி வட்டையின் வட்டவிதானை. வாய்க்காலில் யாருக்கு எப்போது தண்ணீர், யார் எந்தப் பக்கம் காவல் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் நடக்கும். கடுதாசியில் எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. வாயால் சொன்னால் சொன்னதுதான். அதை மாற்றியதாக ஒருவரும் குறை சொன்னதில்லை. அவருக்கு அதில் பெருமையும் இருந்தது.

அன்று மாப்பிள்ளை வீட்டார் வந்தது சம்பந்தத்துக்கு வார்த்தை கொடுக்க. எங்களிடையே முதலில் அதுதான் நடக்கும். பெரியவர்கள் உட்கார்ந்து, வெற்றிலை வட்டாவைத் தொட்டு, “சரி” என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு பின்வாங்கினால் ஊரில் முகம் காட்ட முடியாது. யதுர்ஷனின் நண்பன் என்பதால் நானும் கூடப் போயிருந்தேன்.

மாமா மட்டும் பிந்தி வந்தார். பின்னேரமே யானை இறங்கிவிட்டதாம். வயலிலிருந்து நேராக வந்திருந்தார். தோளில் துவக்கு. படியேறியதும் அதை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

“இந்தா மகள், இத ஒரு மூலையில வை. வெறுந் துவக்குத்தான்.”

அக்கா இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கியதும் உள்ளே போகவில்லை. முற்றத்தில் இறங்கி, ஆளில்லாத பக்கமாகத் திரும்பி, குழலை நிலத்தைப் பார்க்கப் பிடித்து, துவக்கை மடித்துத் திறந்தார். குனிந்து பார்த்தார். பிறகு சின்னவிரலை உள்ளே விட்டும் பார்த்தார். ஒன்றும் இல்லை. திறந்தபடியே கொண்டுபோய் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார்.

மாமா விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

“என்னத்த மகள் பாத்த?” என்று மாமா கேட்டார்.

“தோட்டா இருக்கா எண்டு, மாமா.”

“நான் இல்ல எண்டு சொன்ன பொறகா?”

“ஓம் மாமா. ஆர் தந்தாலும் பாக்கிறது என்ட வழக்கம்.”

அப்போதுதான் மாமா எங்களைப் பார்த்து, நான் மேலே எழுதிய கேள்வியைக் கேட்டார். கேட்ட கையோடு தானே சொன்னார்: “வார்த்தை குடுக்க வந்திருக்கன். என்ட வார்த்தைக்கு இந்த வீட்டில இதுதான் மதிப்பெண்டா, இந்த வீட்டு வார்த்தைக்கு நான் என்ன மதிப்பு வைக்கிற?”

வெற்றிலை வட்டாவை அவர் தொடவில்லை. துவக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். மேனுகா பலகாரத் தட்டோடு கதவடியில் நின்றிருந்தாள்.

அடுத்த நாளே கடையடியில் பகிடி தொடங்கிவிட்டது. யசோதினிக்குச் சீனி கட்டிக் கொடுத்தால் கடுதாசிச் சரையைப் பிரித்து விரலை விட்டுப் பார்ப்பாள் என்றார்கள். யதுர்ஷன் தகப்பனோடு பேசுவதை நிறுத்தினான். மேனுகா அக்காவோடு பேசுவதை நிறுத்தினாள். கடைசியாகப் பேசியபோது இதைத்தான் கேட்டாளாம்: “ஒரு நாளைக்குப் பாக்காம விட்டா என்ன அக்கா?”

“எந்த நாளைக்கு எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?” என்று அக்கா சொன்னார். மேனுகாவுக்கு அது பதிலாகப் படவில்லை.

மாமாவிடமிருந்து உறவினர் ஒருவர் மூலம் செய்தி வந்தது. பெரியவர்கள் முன்னால் யசோதினி வந்து, “பார்த்தது பிழை, இனிப் பார்க்க மாட்டேன்” என்று சொன்னால் அவர் மறுபடியும் வந்து வெற்றிலை எடுப்பார். இல்லாவிட்டால் யதுர்ஷனுக்கு வேறிடம் பார்ப்பார்.

“மாமாட மனசு நொந்ததுக்கு மன்னிப்புக் கேக்கிறன். இனிப் பாக்க மாட்டன் எண்டு சொல்ல ஏலாது” என்று அக்கா சொல்லி அனுப்பினார்.

அன்று கத்தாரிலிருந்து விஜிதரன் அண்ணன் வட்ஸ்அப்பில் அழைப்பெடுத்தார். சுகம் விசாரித்துவிட்டு, “சொல்லிப் போட்டு மறுகாப் பாக்கலாம்தானே? அவர் உனக்குப் பின்னாலயா திரியப் போறார்?” என்றார்.

“அப்ப அது பொய்யெல்லோ.”

“தங்கச்சிட கலியாணத்துக்கு ஒரு பொய்.”

“நீங்களா இதச் சொல்றீங்க?” என்று அக்கா கேட்டாராம். அண்ணன் உடனே வேறு கதைக்குப் போனார். ஏன் அவர் அப்படிப் பேச்சை மாற்றினார் என்பது, பக்கத்தில் இருந்து கேட்ட மேனுகாவுக்கு அப்போது விளங்கவில்லை.

சில நாள் கழிந்து ஒரு விடியற்காலையில் மாமாவின் மனைவி ஆச்சிப்பிள்ளை மாமி தனியாக வயலுக்குப் போனார். நாலு வார்த்தை ஏசிவிட்டு வருவதுதான் நோக்கம் என்று அவரே பிறகு சொன்னார். மகன் சோறு சரியாகத் தின்பதில்லை, அந்தக் கோபம்.

அக்கா இராக்காவல் முடிந்து பரணிலிருந்து இறங்கப் போன நேரம். மேலேயே தோட்டாவை எடுத்து டின்னில் போட்டார். திறந்த துவக்கைக் கயிற்றில் கட்டி முதலில் இறக்கினார். பிறகு தான் இறங்கினார். நிலத்துக்கு வந்ததும் துவக்கை அவிழ்த்து எடுத்து மறுபடியும் உள்ளே பார்த்தார்.

“நீ இறங்கிறதுக்கிடையில எவன் கா வந்து தோட்டாப் போட்ட?” என்றார் மாமி.

அக்கா சிரித்தார். திறந்த துவக்கைக் கைமடிப்பில் போட்டுக்கொண்டு வரம்பில் முன்னால் நடந்தார். பின்னால் வந்த மாமி ஏசினார். தங்கையின் வாழ்க்கையைவிட வீம்பு பெரிதா என்றார். பெரியவரை மதிக்கத் தெரியாதா என்றார். அக்கா வயல் குடிலான வாடிக்கு வந்து, துவக்கைச் சாக்கின் மேல் வைத்துவிட்டு அடுப்பு மூட்டித் தேத்தண்ணி ஊற்றினார். இரண்டு பேரும் குடித்தார்கள். வீட்டுக்குப் போக அக்கா துவக்கை எடுத்தார். எடுத்ததும் உள்ளே பார்த்தார்.

மாமிக்குப் பொறுக்கவில்லை. “இஞ்ச நீயும் நானும்தான் இருக்கம். நானும் தொடல்ல, நீயும் தொடல்ல. என்னத்தக் கா பாக்கிறாய்?”

“கைய விட்டுப் போனது கைக்கு வந்தாப் பாக்கிற மாமி.”

“உண்ட துவக்கையுமா?”

“என்டதையுந்தான். என்னையும் நான் நம்புறல்ல.”

“அப்ப உனக்கு நீயே அவமானம் செய்யிறாய்.”

“ஓம். எனக்குக் கோவம் வாறல்ல.”

மாமி சிரிப்பை அடக்கிக்கொண்டார். அக்கா வாடியின் கூரைத் தகரத்தைக் கையால் காட்டினார். ஒரு பக்கத்தில் சல்லடைபோல ஓட்டைகள். வெயில் புள்ளி புள்ளியாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

“இவர் கத்தாருக்குப் போக முதல் நடந்த. பொழுதுபட வெறுந் துவக்கெண்டு சொல்லித்தான் வெச்சார். நானும் நம்பினன். விடிய எடுத்து எண்ணெய்ச் சீலையால துடைச்சன். விரல் விசையில பட்டுட்டு. வெளியில நிண்டு முகம் கழுவிக்கிட்டிருந்தவர். குழல் கொஞ்சம் பதிஞ்சிருந்தா அவருட தலை.”

“பொய் சொன்னவனா?”

“இல்ல மாமி. அவர் சொன்ன நேரம் அது வெறுந் துவக்குத்தான். இடையில பன்றி வந்த சத்தம் கேட்டுத் தோட்டாப் போட்டிருக்கார். பன்றி ஓடிட்டு. எடுக்க மறந்திட்டார், சொல்லவும் மறந்திட்டார். மாமா சொன்னதும் உண்மைதான். உண்மையான ஆள் சொன்ன துவக்குத்தான் என்ட கையில வெடிச்ச.”

மாமி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கொஞ்சம் பதிஞ்சிருந்தா விஜி கத்தாருக்குப் போயிருக்க மாட்டான். வேற எங்கயோதான் போயிருப்பான்” என்றார். பிறகு கேட்டார்: “இத ஏன் கா அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால சொல்லல்ல?”

“அது அவருட பேர் கெடுற கதை மாமி. என்ட பிழை மட்டுமெண்டாச் சொல்லியிருப்பன்.”

ஏசப் போன மாமி அதற்குமேல் ஏசவில்லை. வீட்டுக்கு வந்து மாமாவிடம் கூரைக் கதையையும் சொல்லவில்லை. அது அவர் சொல்லக்கூடிய கதை அல்ல. இரண்டே விடயங்களைச் சொன்னார். ஒன்று, அவள் தன்னுடைய துவக்கையே நம்பாமல் மறுபடி மறுபடி பார்க்கிறாள் என்பது. மற்றது இது: “பாக்க மாட்டன் எண்டு சும்மா வாயால சொல்லிப் போட்டுப் போயிருக்கலாம். நீங்களும் நம்பியிருப்பீங்க. அவள் சொல்லல்ல. செய்ய ஏலாதத வாயால சொல்லாத பொம்புளை. அந்த வீட்டு வார்த்தைக்கு மதிப்பில்லையெண்டா வேற எந்த வீட்டில போய் எடுக்கப் போறீங்க?”

மாமா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழும்பினார். வயலுக்குப் போனார், வந்தார். தண்ணீர் முறையை வழக்கம்போலச் சொன்னார். யதுர்ஷனுக்கு வேறிடம் பார்க்கும் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. நெல் கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவத்துக்கு வந்தபோது, தாங்கள் மறுபடி வருவதாக அக்கா வீட்டுக்கு ஆள் அனுப்பினார். மன்னிப்பைப் பற்றி அந்தச் செய்தியில் ஒன்றும் இல்லை.

இந்த முறை மாமா எல்லாருக்கும் முன்னாலேயே வந்தார். வெறுங்கையோடு கதிரையில் இருந்தார். அக்கா வெற்றிலை வட்டாவைக் கொண்டுவந்து நீட்டினார்.

“துவக்க வீட்ட வெச்சிட்டன். இண்டைக்கு உனக்கு வேலையில்ல” என்றார் மாமா.

“நல்லது மாமா. பூட்டி வெச்சீங்களா?”

மாமி முதலில் சிரித்தார். பிறகு மற்றவர்கள். மாமா கடைசியாகச் சிரித்தார்.

“பூட்டித்தான். போய்ப் பாக்கப் போறியா?”

“நான் என்னத்துக்கு மாமா? நீங்க பாத்தாப் போதும்.”

மாமா வெற்றிலையை எடுத்தார். “சரி” என்றார். உள்ளே மேனுகா எதையோ தட்டிவிட்ட சத்தம் கேட்டது.

வெள்ளாண்மை வெட்டி அறுவடை முடிந்து கலியாணம் நடந்தது. விஜிதரன் அண்ணன் லீவில் வந்திருந்தார். பந்தலில் நாலு பேரோடு இருந்து, தன் தலை தப்பிய கதையை அவரே சொன்னார். அவர் சொன்னபடியால்தான் நானும் எழுதுகிறேன். மாமா அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தார். அக்கா செய்தது சரி என்று அவர் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை. ஆனால் மருதடி வட்டையில் துவக்குள்ளவர்கள் இப்போது அதை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது திறந்துதான் கொடுக்கிறார்கள். வாங்குகிறவரும் பார்க்கிறார். “யசோதினி வாறாள், துற” என்று பகிடி பண்ணிக்கொண்டுதான் செய்கிறார்கள், என்றாலும் செய்கிறார்கள். ஒருவருக்கும் கோபம் வருவதில்லை.

எங்கள் ஊரைத் தாண்டினால் இப்படித் திறந்து பார்ப்பது இன்னமும் பெரிய அவமானமாகத்தான் இருக்கிறது. பயிர்க் காவலுக்குத் துவக்கு வைத்திருக்கும் வீடு ஒன்றாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே போகும்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள். எங்கள் பெயர்களை மறந்தாலும் பரவாயில்லை, வெறுந் துவக்கு என்று சொன்ன கணவர் பொய் சொல்லவில்லை என்பதை மட்டும் விடாமல் சொல்லுங்கள். கேட்டவர்களையும் இன்னொரு வீட்டில் சொல்லச் சொல்லுங்கள்.