மூன்று ஷை

எங்கள் ஊரில், பல்கலைக்கழகத்துக்கு எடுபட எழுதும் உயர்தரப் பரீட்சையை மூன்று தடவை எழுதலாம். ஒவ்வொரு தடவைக்கும் ஷை என்று பெயர். முதலாம் ஷை, இரண்டாம் ஷை, மூன்றாம் ஷை. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதுமில்லை. மூன்றாம் ஷையில் மருத்துவபீடத்துக்கு எடுபட்டு டொக்டராகியவரிடம், முதல் இரண்டிலும் என்ன வந்தது என்று எவரும் விசாரிப்பதில்லை. பழைய பெறுபேறு குப்பைக்குப் போய்விடும். இந்த ஒரு நம்பிக்கையை மட்டும் நான் ரொறொன்ரோவுக்குப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தேன்.

இங்கே இருபத்தொரு வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். இரண்டு வருடம் படித்தேன் என்று சொல்வது பெரிய வார்த்தை. பேராசிரியர் பகிடி விட்டால், மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு விளங்கும். அதற்குள் அவர் பலகையில் பாதியை அழித்திருப்பார். பின்னேரங்களில் டோனட் கடையில் வேலை. இரசாயனம் மண்டையில் ஏறவில்லை என்று கண்டதும் பேசாமல் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ஒரு பாடத்தை விடுவதற்கும் படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. கொடுக்காதவளுக்கு எஃப் போட்டார்கள். மற்றவை சியும் டியும்.

பிறகு கலியாணம். அதன்பின் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவுக்குள் இருந்த கிளினிக்கில் வரவேற்பு மேசை வேலை. பெயர் கூப்பிடுவேன், கோப்பு எடுத்துக் கொடுப்பேன், ஆங்கிலம் வராத எங்கள் சனத்துக்கு மொழிபெயர்ப்பேன். ஒருநாள் ஓர் அன்ரி கால் உளையுது என்றார். உளைவுக்கு ஆங்கிலத்தில் சொல் கிடைக்காமல் நான் தடுமாற, வைத்தியர் சாதாரண நோவுக்குரிய மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெளியே வந்த அன்ரி, "நீ டொக்டரா இருந்தா விளங்கியிருக்கும் பிள்ளை," என்றார். அந்த ஒரு வசனம்தான் என்னைக் கெடுத்தது.

டொக்டராக ஆசை, ஆனால் பழைய பெறுபேறு மோசம் என்று வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். ஊரில் மூன்று ஷையும் எழுதி, மூன்றிலும் கோட்டை விட்டவர். ஷை விஷயத்தில் அவரைவிடப் பெரிய அதிகாரி எங்கள் வீட்டில் இல்லை.

"இஞ்சேரும், இதுக்கேன் யோசிக்கிறீர்? பழைய பாடங்களைத் திருப்பி எழுதும். கடைசியா வாறதுதான் கணக்கு," என்றார்.

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. வேறு யாரிடமும் கேட்க இருவருக்கும் தோன்றவில்லை. தெரிந்த விஷயத்தை எவராவது கேட்பார்களா?

மூன்று வருடம் செக்குமாடு மாதிரி அதே இரசாயனம், அதே பௌதிகம், அதே உயிரியல். வேலைக்குப் போகும் பஸ்ஸில் படித்தேன். சனி ஞாயிறுகளில் அவர் புட்டு அவிக்க, நான் குசினி மேசையில் இருந்து படித்தேன். இந்தத் தடவை எல்லாமே ஏ. அவர் பெறுபேற்றுத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்துவிட்டு, வருகிறவர்கள் எல்லோருக்கும் அந்தப் பெட்டியிலிருந்து தண்ணீர் எடுத்துவரச் சொல்லுவார். முடித்த புத்தகங்களை விற்போம் என்றால் மட்டும் விடமாட்டார். "கிடக்கட்டும்," என்று ரீவிக்குக் கீழே அடுக்கிவைப்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போட்டேன். வசந்தகாலத்தில் ஒற்றைத் தாளோடு கடிதம் வந்தது. நேர்முகத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள, நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் நல்லவள். அதுதான் கரைச்சல், அவளைக் கோபிக்க முடியவில்லை. பென்சிலால் என் பழைய எஃப்பையும் புதிய ஏயையும் தொட்டுக் காட்டி, இரண்டையும் கூட்டித்தான் சராசரி எடுப்போம் என்றாள்.

"அதைத்தான் திருப்பி எழுதிவிட்டேனே," என்றேன்.

திருப்பி எழுதினாலும் முதல் எழுதியது போகாது என்றாள். அதே பாடங்களை எடுக்காமல் புதிய பாடங்களை எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், தொடங்க முன்னர் ஒரு தடவை வந்து கேட்டிருக்கலாமே என்றாள். இனி எவ்வளவு படித்தால் அந்தச் சராசரியை எட்டலாம் என்று கேட்டேன். ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். விடையைச் சொல்லாமல் தாளைக் கவிழ்த்து வைத்தாள். தலையெழுத்து ஒன்றைத்தான் அழித்து எழுத முடியாது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் முழுக் கோபமும் அவர்மேல் போனது. குருடனுக்குக் குருடன் வழிகாட்டிய கதை, மூன்று வருடம் பாழ், உங்கள் பேச்சைக் கேட்டேனே என்று, முகத்துக்கு நேரே சொல்ல வசனங்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு வந்தேன்.

கதவைத் திறந்ததும், "என்னவாம்?" என்றார்.

"இஞ்சை ஷை எண்டு ஒண்டும் இல்லையாம். முதல் கோட்டை விட்டதையும் சேர்த்துத்தான் கணக்காம்," என்றேன்.

அவர் ரீவிக்குக் கீழே இருந்த புத்தகங்களைப் பார்த்தார்.

"நீர் எடுபட்டாப்பிறகு நானும் ஒருக்காப் படிச்சுப் பாப்பமெண்டு இருந்தனான்," என்றார். பிறகு மெல்லக் கேட்டார்: "என்ரை மூண்டையும் சேர்த்துத்தான் எண்ணுவினமோ?"

அடுக்கிவைத்த வசனங்களில் ஒன்றும் வாயில் வரவில்லை. பொய் சொல்லவும் வரவில்லை.

"ஓம்," என்றேன். "எண்ணுவினம்."